வீட்டுப் பாட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் யாராவது புது வீடு கட்டினாலோ, ஃபிளாட் வாங்கினாலோ, கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு என்னிடம் ஒரு கேள்வி வரும். "சார், ஹாலுக்கு ஒரு நல்ல ஆடியோ செட் போடணும். 500 வாட் போதுமா, 1000 வாட் வாங்கணுமா?" சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்கும் மைக் செட் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருப்பதால், இந்தக் கேள்வியும் என்னைத் தேடி வருகிறது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. நம்மில் பலர் சம்பளத்துக்காக ஊர் விட்டு வந்தவர்கள். தவணை கட்டித்தான் பொருள் வாங்குகிறோம். அந்தப் பணம் காதுக்கு எட்டாத வாட்டுக்குப் போகக்கூடாது அல்லவா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண ஹாலில், சாதாரணமாக நாம் பாட்டுக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவுதான். உச்சத்தில் 10 முதல் 30 வாட் வரை போகலாம். அதற்கு மேல் தேவைப்படும் வீடுகள் சிலவே. நம்ப முடியவில்லையா? கணக்கைப் பார்ப்போம்.

வாட் வேறு, சத்தம் வேறு

வாட் என்பது ஆம்ப்ளிஃபயர் தரும் மின்சக்தியின் அளவு. சத்தத்தை அளப்பது டெசிபல். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக ஏறுவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி.

வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும். கவனித்துக் கேட்டால்தான் அந்த வித்தியாசம் தெரியும். சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோல நம் காதுக்குத் தோன்ற வேண்டுமானால், சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். ஆகவே 50 வாட் செட்டுக்குப் பதில் 100 வாட் செட் வாங்குகிறவர், சத்தம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவார். அவருக்குக் கிடைப்பது அந்த 3 டெசிபல்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். ஒவ்வொரு நல்ல ஸ்பீக்கரின் விவரத் தாளிலும் 'சென்சிடிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 85 முதல் 91 வரை இருக்கும். 88 டெசிபல் ஸ்பீக்கர் என்றால், நாம் கொடுக்கும் மின்சக்தியில் அரை சதவீதம்கூட ஒலியாவதில்லை. மீதி எல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் சூடாகிக் கரைந்துவிடுகிறது. இது எந்தக் கம்பெனியின் குறையும் இல்லை. ஸ்பீக்கரின் ஜாதகமே அப்படி.

இப்போது ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டடிக்குப் பதினாறடி. 88 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு. நாம் பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் தூரத்தில், சுவர்களின் எதிரொலியையும் சேர்த்து, சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு இருப்பதால் 3 டெசிபல் கூடும். ஆக ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் நம் காதுக்கு 85 டெசிபல் வருகிறது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல்தான். 85 என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கும்.

நாம் ரசித்துக் கேட்பது 75 டெசிபல் அளவில். அதாவது 10 டெசிபல் குறைவு. வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஸ்பீக்கருக்கு 0.1 வாட்!

அப்படியானால் ஒரு வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமே என்று கேட்பீர்கள். போதாது. இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. பாடகர் ஆலாபனை செய்துகொண்டிருக்கும்போது ஒரு மட்டம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பியில் ஓர் அடி விழும்போது வேறொரு மட்டம். அந்த அடி கண்ணிமைக்கும் நேரம்தான் இருக்கும். ஆனால் சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே ஏறி இறங்கும். 20 டெசிபல் என்றால் வாட்டில் நூறு மடங்கு. 0.1 வாட்டின் நூறு மடங்கு 10 வாட். அந்தக் கணத்துக்காகத்தான் நமக்கு 10 வாட் வேண்டும். ஸ்பீக்கர் 85 டெசிபல் வகையாக இருந்தால் 20 வாட். 91 ஆக இருந்தால் 5 வாட்.

அந்தக் காலத்து ஐந்து வாட்

இது புதுக் கணக்கு இல்லை. நம் தாத்தா வீட்டு வால்வு ரேடியோக்களில் பலவற்றின் கடைசி வால்வு தந்தது மூன்று நான்கு வாட்தான். அதில்தான் தெருவே கூடி நின்று கிரிக்கெட் வர்ணனையும் சங்கீதக் கச்சேரியும் கேட்டது. 1947ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் அமைப்பு உலகெங்கும் ஹை-ஃபை ரசிகர்களால் கொண்டாடப்பட்டது. அது 15 வாட். 1950களில் புகழ்பெற்ற க்வாட் 2 ஆம்ப்ளிஃபயரும் 15 வாட்தான்.

1963ல் எச்.எம்.வி. இசைத்தட்டாக எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் வந்தது. அதை வாங்கி வீட்டில் ஒலிக்கவிட்டவர்களிடம் இருந்தவை இப்படிப்பட்ட சிறிய சக்தியுள்ள ரேடியோகிராம்களும் ரிக்கார்டு பிளேயர்களும்தான். அந்தக் குரல் நம் வீடுகளுக்குள் நுழைந்து விடியற்காலையையே மாற்றியது. அந்த சுப்ரபாதத்தை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன், நம் மணவாள மாமுனிகளின் சீடர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். அந்த இசைத்தட்டின் ராயல்டியைத் திருமலை தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே எழுதிக்கொடுத்தார் எம்.எஸ். திருப்பதி நகரில் அவருக்குச் சிலை இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் இந்த ஆயிரம் வாட் எங்கிருந்து வந்தது?

1990களில் கடைக்கடையாக வந்து இறங்கிய கேசட் செட்டுகளை நினைவிருக்கிறதா? பெட்டியின் மேல் பளபளவென்று '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டியிருப்பார்கள். கேட்பவர் மனத்தில் 'ஆயிரம்' மட்டும் தங்கும். பி.எம்.பி.ஓ. என்பது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில், எல்லா ஸ்பீக்கரையும் கூட்டி, தோன்றியபடி போட்ட எண். அதற்கு ஒரே சீரான அளவுமுறை கிடையாது. இத்தகைய விளம்பரங்களின் தொல்லை தாங்காமல் அமெரிக்காவில் 1974லேயே, ஆம்ப்ளிஃபயரின் வாட்டை எப்படி அளந்து எழுத வேண்டும் என்று அரசின் வணிகக் கமிஷன் விதி போட்டது.

பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் இப்போது குறைந்துவிட்டன. பழக்கம் போகவில்லை. ஹோம் தியேட்டர், சவுண்ட் பார், பார்ட்டி ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரிய எண்கள் நிற்கத்தான் செய்கின்றன.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். அல்லது அடாப்டரைப் பாருங்கள். எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பின்னால் 60 வாட் என்று போட்டிருக்கும் செட், முன்னால் 1000 வாட் என்று சொன்னால், ஓர் எளிய கேள்வி கேளுங்கள்: குழாயில் ஒரு குடம் தண்ணீர் வந்தால் பதினாறு குடம் எப்படி நிரம்பும்? தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் 'ஆர்.எம்.எஸ்.' என்று எழுதுவார்கள். ஒரு சேனலுக்கு எத்தனை, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்ற மூன்றும் அருகிலேயே இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். டிஸ்டார்ஷன் 10 சதவீதம் என்று போட்டிருந்தால், குரல் கரகரத்த பிறகு எடுத்த அளவு என்று அர்த்தம்.

திறந்தவெளியின் கணக்கு வேறு

"அப்படியானால் விழாக்களுக்கு ஏன் அத்தனை பெரிய செட் கொண்டுவருகிறார்கள்?" என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி.

வீட்டுக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்பி நமக்கு உதவுகின்றன. திறந்தவெளியில் அந்த உதவி இல்லை. தூரம் இரண்டு மடங்கு ஆனால் 6 டெசிபல் போய்விடும். ஒரு மீட்டரில் இருந்து 32 மீட்டர் போவதற்குள் தூரம் ஐந்து முறை இரட்டிப்பாகிறது. 30 டெசிபல் நஷ்டம். கடைசி வரிசையில் இருப்பவருக்கு 85 டெசிபல் வேண்டுமென்றால், ஸ்பீக்கரின் அருகில் 115 வேண்டும். வீட்டில் இருக்கும் 88 டெசிபல் ஸ்பீக்கரைக் கொண்டு இதைச் செய்ய 500 வாட் ஆகும். இங்கேதான் பெரிய எண்களுக்கு வேலை.

ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை. கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் புனல் ஸ்பீக்கருக்கு சென்சிடிவிட்டி 108 அளவுக்கு இருக்கும். அதே 115 டெசிபலுக்கு அது கேட்பது 5 வாட்தான்! நம் ஊர்த் திருவிழாக்களில் சிறிய மைக் செட்டை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் வரை பாட்டுப் போட்ட ரகசியம் இதுவே. கனமான ஒலிகள் அதில் வராது. பேச்சும் குரலும் கணீரென்று வரும்.

திருமலையில் விடியலுக்கு முன் சுப்ரபாதம் ஒலிபெருக்கியில் கேட்கும்போது அவ்வளவு தெளிவாக இருப்பதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், அமைதி இன்னொரு காரணம். போட்டிக்கு வேறு சத்தம் அதிகம் இல்லாத நேரம். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும் என்பது இயற்பியல். மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்துக்குப் பதில் நம் ஆண்டாளின் திருப்பாவை அங்கே ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு, அந்தக் குளிரில் தமிழ் எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது தெரியும்.

இதே காரணம் வீட்டுக்கும் பொருந்தும். மின்விசிறி, மிக்ஸி, தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் அடங்கிய நேரத்தில் வால்யூமைக் கால் பங்கு வைத்தாலே போதும்.

நீங்களே அளந்து பார்க்கலாம்

என் வார்த்தையை நம்ப வேண்டாம். தனி ஆம்ப்ளிஃபயரும் தனி ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்கள், எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டே சோதிக்கலாம். வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அதற்கு ஆகாது.

முதலில் உங்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டு, 'இதற்கு மேல் நான் ஒருநாளும் வைக்க மாட்டேன்' என்ற இடத்தில் வால்யூமை நிறுத்துங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, வால்யூமைத் தொடாமல் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். கம்பிகள் ஒன்றோடொன்று படாமல் இருக்கட்டும். மறுபடி போட்டு, அதே பிளேயரில், அதே அமைப்பில், உச்ச அளவைவிட 20 டெசிபல் குறைவாகப் பதிவு செய்த 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளந்து பத்தால் பெருக்குங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் உங்களுக்கு அதிகபட்சம் தேவைப்படும் வாட் வந்துவிடும்.

என் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்கும் வால்யூமில் மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது. பத்தால் பெருக்கினால் 9. ஒன்பது ஒன்பது 81. எட்டு ஓமால் வகுத்தால் சுமார் 10 வாட். கல்லூரியில் படிக்கும் என் மகன் தன் விருப்பத்துக்குத் திருகி வைத்த இடத்தில் 1.6 வோல்ட். அது 32 வாட். இதுவும் உச்ச வரம்புதான். பதிவின் உச்சத்தைத் தொடாத பாட்டென்றால் இதைவிடக் குறைவாகவே போகும். "அவ்வளவுதானாப்பா?" என்று அவனே இரண்டாம் முறை அளந்து பார்த்தான்.

பணத்தை எதில் போடலாம்?

வாட்டில் மிச்சம் பிடித்ததை ஸ்பீக்கரில் போடுங்கள். நல்ல ஸ்பீக்கர் தரும் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும்.

அடுத்தது அறை. நம் பக்கத்து வீடுகளில் தரைக்குக் கிரானைட் போடுவது வழக்கமாகிவிட்டது. குப்பத்துப் பச்சைக் கல் வெளிநாடு வரை போகிறது என்றால், சித்தூர்க்காரர் வீட்டில் இல்லாமல் இருக்குமா? பார்க்க அழகுதான். ஆனால் வழவழப்பான தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்தால் ஒலி பந்துபோல எகிறிக் குதிக்கும். பாட்டின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். ஒரு ஜமக்காளம், கனமான திரைச்சீலை, புத்தகங்கள் நிறைந்த அலமாரி, இவை செய்யும் உதவியை 500 வாட் செய்யாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எண்பது வயதைத் தொட்ட அம்மா இருக்கிறார். காலையில் பாசுரம் கேட்காமல் காபி குடிக்க மாட்டார். காது சற்று மந்தம். டி.வி.க்குக் கீழே இருக்கும் செட் போதவில்லை என்று மகன் மும்மடங்கு பெரிய செட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். நான் போனபோது வால்யூம் உச்சத்தில் இருந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, சத்தம் வேண்டாம்ப்பா. வார்த்தை புரிஞ்சாப் போதும்" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அவைதான். மொத்த வால்யூமைக் கூட்டினால் கனத்த ஒலிகளும் கூடிச் சொல்லை அமுக்கிவிடும். அவர்கள் வீட்டிலேயே மூலையில் கிடந்த சிறிய ஸ்பீக்கர் ஒன்றை அம்மாவின் நாற்காலிக்கு இரண்டடி தூரத்தில், காது மட்டத்தில் வைத்தோம். பாஸைக் குறைத்து, ட்ரெபிளைச் சற்றுக் கூட்டினோம். மறுநாள் போன் செய்து, "இருபத்தொன்பதாம் பாசுரம் வரைக்கும் ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன், முப்பதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு" என்றார். புது செட்டுக்கு வைத்திருந்த பணத்தில் அவருக்குக் காது பரிசோதனை செய்து, தேவையென்றால் கருவி வாங்கித் தரும்படி மகனிடம் சொன்னேன். அதைத்தான் செய்தார்.

காதும் அண்டை வீடும்

இளைஞர்களுக்கு ஒரு சொல். சராசரி 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்பதே வேலைத்தலங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 94ல் ஒரு மணி நேரம். 100ல் கால் மணி. 100 வாட்டை உண்மையாகவே செலவழிக்கும் வீட்டில் காதுக்கு வரும் ஆபத்து இது. உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழை போன்ற செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

நம் நாட்டில் 2000ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. நாம் இருப்பது தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரோடு. இத்தனை ஆண்டுகளாக அன்போடு பழகி வருகிறோம். நம் வீட்டுப் பாட்டு அவர்கள் வீட்டுக் குழந்தையின் பரீட்சைப் படிப்பைக் கெடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அதிலும் 'தம் தம்' என்ற பாஸ் ஒலியைச் சுவர் தடுக்காது. சப்-ஊஃபரைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், கீழே ஒரு தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு வைப்பது நல்லது.

கடைக்குப் போகும் முன்

1. சிறிய அறைக்கும் நடுத்தர ஹாலுக்கும் ஒரு சேனலுக்கு 20 முதல் 50 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். ஸ்பீக்கர் 85 டெசிபலுக்குக் குறைவாக இருந்தாலோ, ஹால் மிகப் பெரிதாக இருந்தாலோ மட்டும் 100 வாட்டைப் பற்றி யோசியுங்கள்.

2. சிறிய ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மீறித் திருகாதீர்கள். ஒலி கரகரத்தால் உடனே குறையுங்கள். அந்தக் கரகரப்புதான் உச்ச ஸ்தாயி ஸ்பீக்கரான ட்வீட்டரை எரிக்கும்.

3. உங்களுக்கு நன்கு பழகிய பாட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கேளுங்கள். கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டில் எல்லா செட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு குரல், ஒரு தம்புரா போதும், குறை தெரிந்துவிடும்.

4. இரண்டு செட்டை ஒப்பிடும்போது வால்யூம் சமமாக இருக்கட்டும். சற்றே சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அது காதின் சுபாவம்.

5. வாங்கி வந்ததும் ஸ்பீக்கரை மூலையில் திணிக்காமல், காது மட்டத்தில், உட்காரும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

மேலே சொன்ன மீட்டர் சோதனையைத் தாமே செய்யத் தயங்கும் அன்பர்கள், அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறேன். புது செட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது.